மாங்காயை எழுத்துக்குள் திணிக்க வேண்டாம்

எழுத்துரு வரையும் இளையவர்களுக்கு,

சைகடெலிக் எழுத்துகள் மேல் உங்களுக்கு மீண்டும் ஆசை வந்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. கச்சேரிச் சுவரொட்டி, காபிக் கடைப் பலகை, டி-ஷர்ட், பாட்டுத் தொகுப்பின் அட்டை எல்லாவற்றிலும் வீங்கி நெளிந்து, ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும் எழுத்துகளைப் பார்க்கிறேன். அவற்றில் பலவற்றின் உடம்பு முழுக்க மாங்காய் உரு. ‘கையால் வரைந்தது’ என்று கீழே போட்டிருக்கிறீர்கள். பெரிதாக்கிப் பார்த்தால் விஷயம் வேறாக இருக்கிறது. எங்கோ கிடைத்த தடித்த எழுத்துரு ஒன்றை எடுத்து, இலவசமாக இறக்கிக்கொண்ட மாங்காய் வடிவங்களை அதன் வயிற்றுக்குள் கொட்டி, வெளியே துருத்திக்கொண்டிருந்ததை வெட்டிவிட்டிருக்கிறீர்கள். ஒரு மாங்காயின் கழுத்து ‘அ’வின் விளிம்பில் அறுபட்டு நிற்கிறது. இன்னொன்றின் வால் மட்டும் ‘ட’வின் மூலையில் தெரிகிறது.

இது உங்களில் சிலரைப் புண்படுத்தும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். உங்களுக்கு நல்ல கை இருக்கிறது. நோட்டுகளின் ஓரத்தில் நீங்கள் கிறுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கிறுக்கலில் இருக்கிற உயிர், நீங்கள் விற்பனைக்கு வைக்கிற எழுத்துருவில் இல்லை. அது எந்த இடத்தில் தொலைகிறது என்பதை உங்களிடமே நேராகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

1968இல் அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் மாங்காய் உரு நிறைந்த டெலிகாஸ்டர் கிடார்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கிடாரின் மேல் ஒட்டியிருந்தது வீட்டுச் சுவருக்கு ஒட்டுகிற அலங்காரத் தாள். அதற்கு மேல் பளபளப்புப் பூச்சு. கிடாருக்கு அது தகும். கைக்கும் ஒலிக்கும் ஏற்ற வடிவம் அதற்கு முன்பே அமைந்துவிட்டது, மேலே எந்தத் தாளை ஒட்டினாலும் அது கிடாராகவே இருக்கும். எழுத்துக்கு அப்படி ஒரு தனி உடம்பு கிடையாது. கோடு எங்கே தடிக்கிறது, எங்கே ஒடுங்குகிறது, உள்ளே எவ்வளவு வெள்ளை விடுகிறது என்பதுதான் எழுத்து. அதை ஒருவர் முன்பே முடிவு செய்துவிட்ட பிறகு மேலே நீங்கள் எதைப் போட்டாலும் அது தாள் ஒட்டும் வேலைதான்.

நீங்கள் முன்மாதிரியாகச் சொல்லும் சான் பிரான்சிஸ்கோ சுவரொட்டிகளுக்கே வருவோம். அவற்றின் படங்கள் உங்கள் எல்லோருடைய கணினியிலும் இருக்கின்றன. அவற்றின் நிறத்தை எடுத்துக்கொண்டீர்கள், உழைப்பை விட்டுவிட்டீர்கள். வெஸ் வில்சன் 1966 ஜூலையில் ஃபில்மோர் அரங்குக்காக வரைந்த ஒன்றை மறுபடி திறந்து பாருங்கள். தி அசோசியேஷன் முதலான இசைக்குழுக்களின் பெயர்கள் பச்சைப் பரப்பில் செந்தீயாக எழுகிற சுவரொட்டி அது. அங்கே எழுத்தின் மேல் தீ வரையப்படவில்லை. எழுத்தே கொழுந்தாக ஓடுகிறது. பக்கத்து எழுத்து விட்டுவைத்த இடத்தை ஒவ்வொரு எழுத்தும் துழாவிப் போய் நிரப்புகிறது. தீயை மட்டும் நீக்கிவிட்டு எழுத்தை வைத்துக்கொள்ள வழியே இல்லை. உங்கள் எழுத்துருவை இந்தச் சோதனைக்கு உட்படுத்துங்கள்: மாங்காயை எடுத்துவிட்டால் எழுத்து அப்படியே நிற்கிறதா? நிற்கிறது என்றால் அந்த மாங்காய்க்கு அங்கே வேலை இல்லை.

வில்சனுக்கும் ஒரு மூலம் இருந்தது. வியன்னாவில் செஸெஷன் கலைஞர்களின் கண்காட்சிகளுக்காக ஆல்ஃபிரட் ரோலர் 1903ஐ ஒட்டி வரைந்த எழுத்துகளை, 1965இன் கடைசியில் பெர்க்லியில் நடந்த சுவரொட்டிக் கண்காட்சி ஒன்றின் மலரில் அவர் பார்த்தார். ரோலரின் எழுத்து கட்டம் முழுவதையும் தன் உடம்பால் பிடித்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் வெளி ஒடுங்கி வெறும் கீறலாக நிற்கும். வில்சன் அந்தக் கட்டத்தை இளக்கினார். அடியைப் பருக்க விட்டார், மேலே ஒடுக்கினார், வரிகளை வளைத்து ஒரு வடிவத்துக்குள் நிரப்பினார். அறுபது ஆண்டுக்கு முந்தைய எழுத்தை எடுத்துக்கொண்டவர், அதைத் தன் கையால் முழுவதும் வரைந்து பார்த்த பிறகே தனதாக்கினார். 1967இல் அவர் இடத்துக்கு வந்த போனி மக்லீனும் அவரை நகலெடுக்கவில்லை. முகங்களையும் ஒருவகை கோதிக் சாயலையும் கொண்டுவந்து தன் வழியில் போனார்.

அதே காலத்தில் அங்கே சுவரொட்டி வரைந்த விக்டர் மோஸ்கோஸோவை நீங்கள் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். அவர் யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் ஆல்பர்ஸிடம் நிறம் கற்றவர். ஒரே அளவு வெளிச்சமுள்ள இரண்டு எதிர் நிறங்களை அடுத்தடுத்து வைத்தால் அவை சேரும் விளிம்பு கண்ணில் அதிரும். அதை அறிந்தே அவர் சிவப்பையும் நீலத்தையும் மோதவிட்டார். எழுத்து தெளிவாக இருக்க வேண்டும், சுவரொட்டி நொடியில் சேதியைச் சொல்ல வேண்டும் என்று பள்ளியில் கற்ற விதிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டார். விதிகள் அவர் விரலில் இருந்ததால்தான் திருப்ப முடிந்தது. இதில் உங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. சாதாரண எழுத்துருக் கோப்பில் நிறம் வராது. வாங்குகிறவர் கறுப்பில் அடிப்பார், மஞ்சளில் அடிப்பார், உங்கள் கையில் இல்லை. ஆகவே அந்த அதிர்வை நீங்கள் கறுப்புக்கும் வெள்ளைக்கும் சம எடை கொடுத்து மட்டுமே கொண்டுவர முடியும். எழுத்து எவ்வளவு இடம் பிடிக்கிறதோ கிட்டத்தட்ட அவ்வளவு உருவம் எழுத்துக்கு வெளியே உள்ள வெள்ளைக்கும் இருக்க வேண்டும். இரண்டு எழுத்துக்கு நடுவே எஞ்சுகிற வெள்ளையே ஒரு மாங்காயாக அமைந்துவிட்டால், அந்தச் சொல் பார்க்கிறவர் கண்ணில் அசையத் தொடங்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து சான் பிரான்சிஸ்கோவில் எல்.எஸ்.டி எனும் போதைப்பொருள் பரவியிருந்தது உண்மை. கலிபோர்னியா அதை 1966 அக்டோபர் 6 அன்று தடை செய்தது. போதையில் கை போன போக்கில் போனதுதான் அந்த எழுத்து என்று உங்களில் சிலர் நம்புகிறீர்கள். அதனால்தான் கோணலாக இருந்தாலே போதும் என்று விட்டுவிடுகிறீர்கள். அச்சுக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனித் தகடு பிரித்து, விளிம்போடு விளிம்பு பொருந்த, வாராவாரம் குறித்த நாளில் சுவரொட்டியைக் கொடுத்தவர்கள் அவர்கள். அந்த நெளிவில் பிசகான கோடு அரிது.

இப்போது மாங்காய்க்கு வருகிறேன். நீங்கள் இதை எவ்வளவு தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள் என்பதை இதன் வரலாறே சொல்லும். 17ஆம் நூற்றாண்டில், முகலாயர் காலத்துக் காஷ்மீர்ச் சால்வையில் இந்த உரு கிடையாது. ஒரு பூச்செடிதான் இருந்தது. மெல்லிய தண்டு, இலை, மேலே பூ, சில சால்வைகளில் அடியில் வேர்கூட உண்டு. செடிக்கும் செடிக்கும் நடுவே நிறைய வெற்றிடம். பிறகு பூக்கள் பெருகின. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் அது நெருக்கமான பூங்கொத்தாகி, கொத்தின் நுனி ஒரு பக்கம் சாய்ந்தது. அடுத்த நூற்றாண்டு பிறந்தபோது அந்தக் கொத்தைச் சுற்றி ஒரு கோடு தெளிவாக விழுந்துவிட்டது. அதற்கப்புறம் அந்த வடிவம் நீண்டு, சுழன்று, சால்வையின் முனையிலிருந்து நடுவரை வீசி ஏறியது. முதலில் உள்ளே இருக்கும் பூ, கடைசியில்தான் வெளிக்கோடு. உள்ளே இருந்தவை நெருக்கித் தள்ளியதில் பிறந்த வளைவு அது. நீங்கள் வெளிக்கோட்டை முதலில் எடுத்துக்கொண்டு உள்ளே திணிக்கிறீர்கள். அதனால்தான் உங்கள் எழுத்துகள் உப்பியிருந்தாலும் உள்ளிருந்து வருகிற விசை அவற்றில் தெரிவதில்லை.

அந்த வளைவைக் கையால் ஒருமுறை மெதுவாக வரைந்து பாருங்கள். ஒரு பக்கம் அடியிலிருந்து நுனிவரை வெளிநோக்கியே வளைந்து போகும். எதிர்ப்பக்கம் பாதிவரை வெளிநோக்கி வளைந்து, பிறகு மனம் மாறி உள்வாங்கும். நுனி அந்த உள்வாங்கிய பக்கம் திரும்பும். பாரம் அடியில் இருக்கிறது, போக்கு நுனியில் இருக்கிறது. ஒன்றைத் தலைகீழாக்கி இன்னொன்றின் பக்கத்தில் வைத்தால் ஒன்றின் குழியில் மற்றதன் வயிறு போய் உட்கார்ந்துகொள்ளும். இந்தப் போக்கு உங்கள் மணிக்கட்டுக்குள் வராமல் ஒரு எழுத்தையும் தொடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தாளில் பெரிதாக, தோளிலிருந்து கை அசைய, தூரிகைப் பேனாவால் நூற்றுக்கணக்கில் போடுங்கள். இடமிருந்து வலம் போடுங்கள், வலமிருந்து இடமும் போடுங்கள். பென்சிலில் மெல்லிய கோடாகப் போட்டால் வெளிக்கோடுதான் கிடைக்கும். தூரிகையில் அழுத்திப் போட்டால் பாரமும் சேர்ந்து வரும்.

ஆங்கில எழுத்தில் ‘b’, ‘d’, ‘p’, ‘q’ எல்லாம் இந்த வளைவுக்கு உடனே இணங்கும். அவற்றை நாலு நாளில் போட்டுவிட்டு ‘E’, ‘H’, ‘T’ வந்ததும் சோர்ந்து, பழைய நேர்க்கோட்டுக்குள் மாங்காயை அடைக்கத் தொடங்குகிறீர்கள். தமிழிலும் இதே கதை. ‘ஒ’, ‘இ’, ‘ஞ’, ‘ஜ’ தாமாகவே சுழல்கின்றன. விளம்பரப் படத்தில் அவற்றைத்தான் காட்டுகிறீர்கள். உங்கள் திறமையைச் சொல்லப்போவது ‘ட’வும் ‘ப’வும். ஒரு நிற்கும் கோடு, ஒரு படுக்கும் கோடு, அவ்வளவுதான் ‘ட’. அந்த மூலையில் மாங்காயின் அடிப்பாரத்தை உட்காரவைத்து, நிற்கும் கோட்டை அதன் நுனியாக மேலே ஒடுக்கி, படுக்கும் கோட்டை இன்னொரு மாங்காயின் முதுகாக நீட்டிப் பார்த்தீர்களா? ‘ப’வின் இரு கைக்கும் நடுவில் இருக்கும் வெள்ளையை ஒரு மாங்காயாக வெட்டிப் பார்த்தீர்களா? எழுத்துருவை ‘ட’விலிருந்து தொடங்குங்கள். அங்கே விடை கிடைத்துவிட்டால் ‘ய’, ‘ம’, ‘ர’ மூன்றும் அதன் பின்னால் வரும். சுழி எழுத்துகள் ஓடிவிடாது, கடைசியில் போடலாம்.

படிக்க முடிவதைப் பற்றியும் கவலைப்படுங்கள். சைகடெலிக் எழுத்து வாசகரை நிறுத்தி வைக்கும், ஆனால் கைவிடாது. மூன்று சுழி ‘ண’வும் இரண்டு சுழி ‘ன’வும் சுழியின் எண்ணிக்கையால் மட்டுமே பிரிகின்றன. அங்கே நீங்கள் அழகுக்காக ஒரு சுருள் சேர்த்தால் எழுத்தே மாறிவிடும். ‘எ’யிலிருந்து ‘ஏ’யைப் பிரிப்பது கீழே ஒரு சிறு இழுப்பு. ‘ஒ’விலிருந்து ‘ஓ’வைப் பிரிப்பது ஒரு சிறு சுழி. இந்த இடங்களில் அலங்காரம் பின்வாங்கி நிற்க வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளியைக் குட்டி மாங்காயாக்கும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. ஆக்குங்கள். அதன் வால் எழுத்தைத் தொட்டுவிட்டால் ‘க்’ என்பது ‘கி’யாக வாசிக்கப்படும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு ஆக்குங்கள்.

உகர, ஊகார உயிர்மெய் 36க்கும் தனித்தனியாக வரைய வேண்டியிருக்கிறது, இகர ஈகாரத்துக்கு இன்னொரு 36 என்று நீங்கள் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். இந்த வேலைக்கு அவை வரம். ‘கு’, ‘மூ’, ‘ழு’, ‘ணூ’ ஆகியவற்றின் வால்கள் மாங்காய் நுனியாகவே பிறந்தவை. அவற்றைச் சுருக்கிக் கட்டத்துக்குள் அடக்காமல் கீழ் வரியை எட்டிப் பார்க்க விடுங்கள். இன்னொரு புதையலும் உங்களுக்குக் காத்திருக்கிறது. 1978இல் தமிழக அரசின் எழுத்துச் சீர்திருத்த ஆணைக்குப் பிறகு ‘ணை’, ‘லை’, ‘ளை’, ‘னை’ ஆகியவற்றில் வளைந்து ஏறிய துதிக்கையும், ‘ணா’, ‘றா’, ‘னா’வின் மடங்கிய வாலும் மெல்ல மெல்ல அச்சிலிருந்து விடைபெற்றன. பாடப்புத்தகத்துக்கு அந்தச் சீர்மை நல்லதே. ஆனால் அலங்கார எழுத்துருவில், விரும்புகிறவர் தேர்ந்துகொள்ளும் மாற்றுருவாக அந்தத் துதிக்கையை ஏன் வரையக்கூடாது? ஓப்பன்டைப் கோப்பில் அதற்கு இடம் இருக்கிறது. அந்தத் துதிக்கையை விட மாங்காய்க்கு நெருக்கமான வடிவம் தமிழ் எழுத்தில் வேறு எது?

மாற்றுரு என்று சொன்னது இதற்கு மட்டுமில்லை. வில்சனின் சுவரொட்டியில் ஒரே எழுத்து இரண்டு இடத்தில் வந்தால் இரண்டும் ஒன்றாக இருக்காது. அந்தந்த இடத்துக்காக வரைந்தவை அவை. எழுத்துருவோ ஒன்றையே திரும்பத் திரும்ப அடிக்கும். ‘அம்மம்மா’ என்று எழுதும்போது ‘ம’ நான்கும் அச்சாக ஒரே மாதிரி வந்து நின்றால், கையால் வரைந்தது என்ற பேச்சு அங்கேயே பொய்த்துவிடும். ஆகவே அடிக்கடி வரும் எழுத்துகளான ‘க’, ‘த’, ‘ம’, ‘ன’, ‘ர’, ‘ட’ ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று உரு வரையுங்கள். ஒன்று இடப்பக்கம் சாயட்டும், ஒன்று வலப்பக்கம், ஒன்று நிமிர்ந்து. அடுத்து வரும் எழுத்தைப் பார்த்து உருவை மாற்றிக்கொள்ளும் விதிகளை எழுதுங்கள். இதில்தான் நாள் அதிகம் போகும். இதை விட்டுவிட்டு நீங்கள் எத்தனை எழுத்துரு வெளியிட்டாலும் அவை எல்லாம் ஒரே எழுத்துருதான்.

கையால் வரைந்ததைக் கணினிக்குள் கொண்டுபோகும்போது தானியங்கித் தடமெடுப்பை நம்பாதீர்கள். மையின் ஒவ்வொரு பிசிறுக்கும் அது ஒரு புள்ளி வைத்துக்கொண்டு போகும். வளைவு நடுங்கும். தாளை ஸ்கேன் செய்து அடியில் வைத்துக்கொண்டு, வளைவு திரும்பும் உச்சிகளில் மட்டும் புள்ளி வைத்து நீங்களே மறுபடி வரையுங்கள். ஒரு மாங்காய்க்கு ஐந்தாறு புள்ளி போதும். அது இரண்டாவது முறை கையால் வரைவதுதான்.

இத்தனையும் தொழில். இதற்கு மேல் ஒரு கடன் இருக்கிறது.

இந்த உருவுக்கு உலகின் பல இடங்களில் ஸ்காட்லாந்தில் உள்ள பெய்ஸ்லி என்ற ஊரின் பெயர்தான் நிலைத்தது. உங்கள் எழுத்துருக்களின் பெயரிலும் அதுவே இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் போன காஷ்மீர்ச் சால்வைகளைப் பார்த்து எடின்பரோவும் நாரிச்சும் நகல் நெய்யத் தொடங்கின, பின்னால் வந்த பெய்ஸ்லி அவற்றை முந்திக்கொண்டது. ஜக்கார்டு தறி வந்ததும் அங்கே நகல் இன்னும் விரைந்தது. அந்த ஊர் நெசவாளர்களும் உழைத்துத்தான் சாப்பிட்டார்கள், அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் ஸ்ரீநகரில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பாருங்கள். அங்கே நக்காஷ் எனும் ஓவியர் உருவை வரைவார். அது தாலிம் என்ற குறியீடாக மாற்றி எழுதப்படும். இந்த நிறத்தில் இத்தனை இழை, அடுத்த நிறத்தில் இத்தனை என்று வரிவரியாக எழுதிய தாள். அதை வாசிக்கக் கேட்டு, கனி எனும் சிறு மரக்குச்சிகளில் சுற்றிய வண்ண நூல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்து நெய்வார்கள். வேலைப்பாடு மிகுந்த சால்வை ஒன்றுக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். நுணுக்கம் கூடியபோது ஒரே சால்வையைத் துண்டு துண்டாகப் பல தறிகளில் நெய்து, ரஃபூகர் எனும் தையல் கலைஞர்கள் தையல் தெரியாமல் இணைத்தார்கள்.

அந்தச் சால்வைகளின் மேல் அரசு கடும் வரி விதித்தது. நெசவாளி தொழிலை விட்டுப் போகவும் வழியில்லாமல் கட்டப்பட்டிருந்தார். 1865 ஏப்ரல் 29 அன்று ஸ்ரீநகரில் திரண்டு முறையிட்ட நெசவாளர்கள் மேல் படையை ஏவினார்கள், பலர் மாண்டார்கள். 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டதும் சால்வைக்கான பெரிய சந்தை அடைபட்டது. போர் முடிந்தபோது ஐரோப்பாவின் உடைப் பழக்கமும் மாறியிருந்தது. காஷ்மீரில் 1877 முதல் 1879 வரை பஞ்சம். உருவை உலகுக்குக் கொடுத்தவர்களின் தறிகள் பெரும்பாலும் நின்றன. ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து அதே உரு லண்டனிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் சட்டையில் ஏறியபோது இதெல்லாம் யாருக்கும் நினைவில்லை.

உங்களுக்கு நினைவிருக்க வேண்டும் என்று கேட்கிறேன். காஞ்சிபுரத்துப் பட்டின் கரையில் மாங்காய் புட்டாவைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். இதை மேல்நாட்டு ஹிப்பிகளின் உருவாக மட்டும் அறிந்தவர்கள் இல்லை. ஒரு உருவை இழை இழையாக எண்ணி, குறியீட்டில் எழுதி, வாசித்து, மறுபடி உருவாக்கியவர்களின் வேலைக்கும் உங்கள் வேலைக்கும் உள்ள உறவு மற்ற யாரையும் விட உங்களுக்குத்தான் எளிதில் புரியும். அவர்கள் ஓராண்டு உழைத்த இடத்தில் உங்களை ஓராண்டு உழைக்கச் சொல்லவில்லை. இலவசக் கோப்பிலிருந்து அள்ளிக் கொட்டுவதை நிறுத்துங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். இப்போது வெளியிடத் தயாராக வைத்திருக்கிற மாங்காய் எழுத்துருவைச் சில மாதம் நிறுத்தி வையுங்கள். அதன் ‘ட’வை மட்டும் எடுத்து, பழையதைப் பார்க்காமல், தூரிகையால் புதிதாக வரையுங்கள். அந்த ‘ட’ சரியாக வந்தால் மற்ற எழுத்துகளையும் அதன் வழியில் மறுபடி போடுங்கள். வராவிட்டால் வெளியிட வேண்டாம். வெளியிடும்போது மாதிரிப் பக்கத்தில் உங்கள் கைவரைவுத் தாள்களையும் சேர்த்துக் காட்டுங்கள். விலையையும் அதற்கேற்ப வையுங்கள், உழைப்புக்குக் கூலி கேட்கத் தயங்காதீர்கள். ஒவ்வொரு எழுத்துருக் கோப்பிலும் விவரணைக்கென்று ஒரு பகுதி இருக்கிறது; பெரும்பாலும் அதை வெறுமையாகவே விட்டுவிடுகிறீர்கள். அதில் காஷ்மீரின் நக்காஷ்களையும் தாலிம் எழுதியவர்களையும் கனி நெசவாளர்களையும் குறிப்பிட்டு, இந்த உரு அவர்களிடமிருந்து வந்தது என்று தமிழில் எழுதுங்கள். கோப்பு எங்கே போனாலும் அந்த வரியும் கூடவே போகும்.

அன்புடன்,
உங்களைப் போல எழுத்து வரையும் ஒருவன்